தாது வருசத்தில் கண்டிக்குப் போனவர்

என் அப்பாயி கடைசிவரை தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார். தாத்தாவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் என்னைக் காட்டி "இவன் பேரு கொண்டவரு" என்பார். மாமனார் என்றால் "உங்கப்பன் பேரு கொண்டவரு". எங்கள் வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்கு இரண்டே பெயர்கள்தான், தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வரும். தாத்தா பெயரைச் சுமப்பதால்தானே பேரன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வம்சக் கதையைத் தேட உட்காருகிறவனுக்கு இதைப் போல ஒரு தலைவலி கிடையாது.

நாங்கள் தாயகம் திரும்பிய குடும்பம். பூட்டன் காலத்தில் திருச்சி ஜில்லாவிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போய், புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள். மலையகத்தில் இருந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்களே, அந்தக் கணக்கில் 1974இல் ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம், அப்புறம் பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம். நான் அங்கே பிறந்தவன். பூர்வீகம் எது என்று யாராவது கேட்டால் அப்பா "திருச்சிப் பக்கம்" என்று முடித்துக்கொள்வார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

2011இல் அப்பாயி படுத்த படுக்கையாகி எழுந்தார். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று தேட ஆரம்பித்தேன். முதலில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிப் புத்தகங்கள் இரண்டைப் படித்தேன். எல்லாமே குடும்பப் பெயரிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. குடும்பப் பெயரை ஒரு வலைத்தளத்தில் தட்டினால் நானூறு வருடத்துச் சர்ச் பதிவேடு வந்து நிற்குமாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது அப்பாவின் முதலெழுத்து ஒன்று. எங்கள் வீட்டில் அதுவும் இரண்டே எழுத்துக்குள் சுற்றி வருகிறது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கதை வேறு. பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா, அம்மா, ஞானத்தாய் தகப்பன் எல்லாரும் இருப்பார்கள். என் நண்பன் ஒருவன் அந்த வழியில் ஐந்து தலைமுறை போய்விட்டான். நாங்களோ குலசாமி கும்பிடுகிறவர்கள்.

அப்பாயியிடம் பேசியதைப் போனில் பதிவு செய்தேன். போனை முகத்துக்கு நேரே நீட்டினால் அவர் பேச்சு நின்றுவிடும். முறத்தில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு நானும் உரிக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஓடும். "எந்த வருசம்?" என்று கேட்பதில் பயனே இல்லை. "பெரிய வெள்ளத்துக்கு முன்னாடியா பின்னாடியா?", "யார் கல்யாணத்துக்கு எந்த ஊருக்குப் போனீங்க?" என்று கேட்க வேண்டும். அதே கேள்வியை இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். வேறாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு வேறு சம்பவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒருநாள் சொன்னதுதான் இது: "உங்கப்பன் பேரு கொண்டவரு தாது வருசத்துல கண்டிக்கு வந்தாரு, பொஞ்சாதி புள்ளையோட."

தாது வருசம் என்றதும் எனக்குள் மணி அடித்தது. தாது வருசப் பஞ்சம், 1876. மூர் எழுதிய 1878ஆம் வருடத்துத் திருச்சி மானுவல், ஹெமிங்வே எழுதிய 1907ஆம் வருடத்து கெசட்டியர் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் இறக்கிப் பஞ்சம் வரும் பக்கங்களை எல்லாம் படித்தேன். அந்தக் காலத்தில் மலையகத்தில் தேயிலை இன்னும் பெரிதாகவில்லை, காப்பிதான். 1869இலேயே இலைநோய் வந்து காப்பி சாக ஆரம்பித்துவிட்டது. தொண்டிப் பக்கம் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காலராவில் செத்தவர்களைத் தாண்டித் தாண்டி என் முன்னோர் போனதாகப் பதினான்கு பக்கம் எழுதினேன். எழுதியதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். ஒரு அத்தை அழுததாகக் கேள்வி.

அத்தனையும் தப்பு.

தப்பைக் காட்டிக் கொடுத்தது வீட்டில் இருந்த டிரங்குப் பெட்டி. நான் செய்ததில் பெரிய முட்டாள்தனமே இதுதான்: கெசட்டியரை எல்லாம் புரட்டிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியைக் கடைசியில் திறந்தது. உள்ளே மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட், அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், ஒரு பழைய நோட்டு, அப்புறம் நான்காய் மடித்த ஒரு டைப் கடிதம்.

கடிதம் பூட்டனுக்கு வந்தது. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டு நம் ஆட்களை நாடற்றவர்களாக ஆக்கியபின், 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழு வருடம் தொடர்ந்து இலங்கையில் இருந்ததாக நிரூபித்தால் பிரஜாவுரிமை கேட்கலாம், இடையில் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருக்கக் கூடாது. பூட்டன் மனுப் போட்டிருக்கிறார். நிராகரித்து வந்த பதில்தான் அது. மனுதாரர் இலங்கைக்கு வந்தது 1937 பிப்ரவரி. 1942 ஏப்ரலில் இந்தியா போனவர் பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறார், ஆகவே தொடர்ச்சி அறுந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5 கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். பயந்து ஊருக்கு ஓடியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் இரண்டு மாதத்தால்தான் நான் பந்தலூரில் பிறந்தேன்.

1937 பிப்ரவரியும் தாது வருசம்தான். தமிழ் வருசம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். பஞ்சம் என்ற சொல் கண்ணை மறைத்துவிட்டது. பெயர் விஷயத்திலும் அதே கோளாறு: அப்பா பெயர் கொண்டவர் என்றால் பூட்டனும் ஆகலாம், அவருக்கு இரண்டு தலைமுறை மேலே இருந்தவரும் ஆகலாம். எனக்குப் பழையவர்தான் வேண்டியிருந்தார், அதனால் பழையவரை எடுத்துக்கொண்டேன். 1937இல் போனவர்கள் நடக்கவெல்லாம் இல்லை. ரயிலில் மண்டபம், முகாமில் சில நாள், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். வாட்ஸ்ஆப் குழுவில் திருத்தம் போட்டேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் ஜாதகமோ பத்திரமோ இருந்தால் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் முதல் வருசமான பிரபவ 1867, 1927, 1987 ஏப்ரலில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் எந்த வருசமும் வந்துவிடும். எந்தச் சுற்று என்று தீர்மானிக்கத் தமிழ்த் தேதியோடு கிழமையும் நட்சத்திரமும் வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். சுவாமிக்கண்ணு பிள்ளை 1911இல் கொண்டுவந்த 'இண்டியன் குரோனாலஜி' இதற்கென்றே எழுதிய புத்தகம். நெல்லை, குமரிப் பக்கத்துப் பத்திரம் என்றால் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 825 கூட்டுங்கள், ஒரு வருடம் குறையலாம்.

பெட்டியைப் பற்றி இன்னொரு வருத்தம் உண்டு. குடும்ப அட்டையை அப்பா 1998இல் லேமினேட் செய்து வைத்திருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். சூட்டில் ஊதா மை பரவி, முகாம் அதிகாரி எழுதிய ஊர்ப் பெயர் ஒரு கறையாகிவிட்டது. பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பரில் மடிக்காமல் வையுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் பாஸ்போர்ட்டின் பின்னட்டைக்குள் யாரோ பென்சிலில் கப்பல் தேதியைக் குறித்திருந்தார்கள்.

இலங்கைப் பக்கத் தேடல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பிறப்புச் சான்றிதழில் நம் ஊரில் இல்லாத ஒரு கட்டம் உண்டு: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம். குடியுரிமைச் சண்டையிலிருந்து முளைத்த கட்டம் அது. அதில் கோடு போட்டிருந்தால்கூட அதுவும் ஒரு தகவல், பாட்டன் அங்கே பிறக்கவில்லை என்று அர்த்தம். தோட்டத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். அப்பாயி சொன்ன தமிழ்ப் பெயரும் சான்றிதழில் இருந்த இங்கிலீஷ் பெயரும் சம்பந்தமே இல்லாதவை. நம் ஆட்கள் மலையை வைத்தோ, ஆற்றை வைத்தோ, எப்போதோ இருந்த துரையை வைத்தோ பெயர் சூட்டியிருப்பார்கள். ஃபெர்குசன் டைரக்டரி என்று வருடா வருடம் வந்த பழைய புத்தகத்தில் தோட்டங்கள், ஏக்கர், துரைமார் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். சான்றிதழில் இருந்த பெயரை அதில் வைத்துத்தான் மாவட்டத்தை உறுதி செய்தேன். தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆள் பேர்ப் பதிவேடு, கிடைக்கும் என்று ரொம்ப நம்ப வேண்டாம். தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பெனிகள் கைக்குப் போனதில் பழைய ஆபீஸ் காகிதங்கள் பல இடங்களில் சிதறிவிட்டன. மலையகத் தமிழ் அச்சுப் பிரதிகளுக்கு 'நூலகம்' மின்னூலகத்தைத் துழாவலாம்.

மொரிசியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்களின் பேரன்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனதால் ஒவ்வொருவருக்கும் எண் போட்டு, அப்பா பெயர், ஊர், தாலுகா, உடம்பில் இருந்த மச்சம் வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேரின் பட்டியல் இருக்கிறது. மொரிசியஸில் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் புகைப்படத்தோடு பதிவேடுகள் உண்டு. கண்டிக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்க்கிற கங்காணியோடு போனவர்கள் ஊர்க் கூட்டமாகப் போனார்கள். கண்டிக்குப் போனவர்களுக்குத் தோட்டத்து எண் அடித்த ஒரு தகர டிக்கெட்தான் அடையாளம். எங்கள் வீட்டில் அதுகூட இல்லை.

சரி, ஊருக்கு வருவோம். பாஸ்போர்ட்டில் தாத்தா பிறந்த இடம் முசிறி தாலுகா, 'பட்டி' என்று முடியும் ஒரு ஊர். 1961ஆம் வருடத்து மாவட்டச் சென்சஸ் கையேட்டை எடுத்தேன். தாலுகா வாரியாக ஒவ்வொரு கிராமமும் அதில் இருக்கும், சென்சஸ் துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. இந்த வேலைக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன். பழைய தாலுகா எல்லையும் இப்போதைய எல்லையும் ஒன்றல்ல என்பது அதைப் பார்த்தால்தான் உறைக்கும். துறையூரும் தொட்டியமும் ஒரு காலத்தில் முசிறிக்குள் அடக்கம். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா. தாத்தா 'திருச்சி ஜில்லா' என்று சொன்னால் அவர் எந்த வருடத்துத் திருச்சியைச் சொல்கிறார் என்று பாருங்கள். பழைய முசிறி எல்லைக்குள் அந்தப் பெயரில் மூன்று ஊர்கள் இருந்தன.

மூன்றில் எது? அங்கேதான் அந்தப் பழைய நோட்டு கை கொடுத்தது. அது மொய் நோட்டு. 1952இல் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், முற்றத்தில் நடந்த தாத்தா, அப்பாயி கல்யாணத்துக்கு எழுதியது. ஊரைவிட்டு வரும்போது கொண்டுவரக்கூடிய சாமானுக்குக் கணக்கு இருந்தது. அம்மி, ஆட்டுக்கல்லை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய மொய் ஆயிற்றே. மொய் நோட்டில் நம் ஆட்கள் எப்படி எழுதுவார்கள்? ஊர் முதலில், அப்புறம் பெயர், அப்புறம் தொகை. எழுதிய கணக்கப்பிள்ளை தோட்டத்துக்காரர்களுக்கும் லயம் எண்ணைப் போடாமல் நாட்டு ஊரைத்தான் போட்டிருந்தார். எண்பத்தாறு பெயர். ஒரு தாளில் ஊர்களை மட்டும் எழுதிக்கொண்டு மேப்பில் புள்ளி வைத்தேன். பாதிக்கு மேல் தாத்தையங்கார்பேட்டையைச் சுற்றிப் பத்து மைலுக்குள் விழுந்தன. பெண் கொடுத்து எடுப்பது நடந்து போகிற தூரத்தில்தான். மூன்று ஊரில் ஒன்று அந்த வட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

அந்த ஊருக்கு முதல் தடவை தனியாகப் போனேன். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பூட்டன் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் ஊரில் ஏழு பேர் இருக்கிறார்கள், எவரைக் கேட்கிறீர்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகளை எடுத்தபோது பழைய கணக்குகள் பல கைமாறின. யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தத்தின்போது பட்டாவில் பெயர்கள் குழம்பின. வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நான் தேடியபோது இணையத்தில் வந்தது 1975க்குப் பிந்தியதுதான். அதற்கு முன்பு வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, சர்வே எண்ணும் கையில் இருக்க வேண்டும். நிலம் இருந்த குடும்பம் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். அண்ணன் தம்பி, அவர்கள் அப்பா, சில சமயம் விதவைச் சித்தி வரை ஒரே பத்திரத்தில் வந்துவிடுவார்கள். எங்களுக்கு நிலமும் இல்லை, பத்திரமும் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அங்கே இருப்பது பெரும்பாலும் அரசாங்கம் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்கள். நம் பாட்டன் அதில் வர வேண்டுமென்றால் மனுக் கொடுத்திருக்க வேண்டும் அல்லது வழக்கில் மாட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இரண்டும் செய்யவில்லை.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் என்னை விசாரித்தார். பெயரைக் கேட்கவே இல்லை. "என்ன சாமி கும்புடுறீங்க?" சொன்னேன். "எந்த வகையறா?" முழித்தேன். வகையறா தெரியாமல் சாமி மட்டும் தெரிந்து என்ன பயன் என்கிற மாதிரி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவே பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். 2012இல் பேசிய ஒரு பதிவில் அப்பாயி போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்: "நாம ஓடைக்காட்டு ஆளுங்கல்லோ." தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் காட்டுக்கும் ஒரு பெயர் இருக்கும், கொழுந்து எடுக்கிற இடம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து நான் எழுதிக்கூட வைக்கவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா, இருந்திருக்கிறது. அது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை, அவ்வளவுதான். பதிவை முழுசாக எழுத்தில் எடுத்து வையுங்கள், புரியாததையும் சேர்த்து.

அப்பாயி 2016இல் போய்விட்டார். மறு வருடம் மாசி சிவராத்திரிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடைக் கரையில் வேப்ப மரம், மூன்று கல், புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை. பங்காளிகள் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வரி வாங்கிக்கொண்டிருந்தவரிடம் போய் "ஓடைக்காட்டு வகையறா, கண்டிக்குப் போனவங்க" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நீள நோட்டைப் புரட்டினார். தலைக்கட்டு வரிசை. இருபத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது. பூட்டனின் பெயர், அதற்கு நேரே 'கண்டி', அதற்கு நேரே தொகை போடுகிற கட்டத்தில் ஒரு கோடு. அது 1991இல் புது நோட்டுக்கு மாற்றி எழுதியது. அதற்கு முந்தைய நோட்டையும் எடுத்துக் காட்டினார், செல்லரித்தது. அதிலும் அதே வரி, அதே கோடு. ஒவ்வொரு தடவை நோட்டு மாறும்போதும் வராத ஆளின் பெயரை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

"ஏன் அடிக்காம வச்சிருக்கீங்க?" என்று அப்பா கேட்டார்.

"தலைக்கட்ட எப்படிப்பா அடிக்கிறது? வாரிசு இருக்குதோ என்னமோ" என்றார் அவர். அப்புறம் முறை விசாரித்து, தான் அப்பாவுக்கு அண்ணன் முறை என்று கண்டுபிடித்து, "தலைக்கட்டுக்கு ஐந்நூறு" என்றார். அப்பா கொடுத்தார். பழைய பாக்கி எவ்வளவு ஆகும் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டதும் கொட்டகையே சிரித்தது. அவர் பேனாவைத் திறந்து 'கண்டி'யை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "இப்ப எந்த ஊருன்னு எழுத?" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "பந்தலூர்" என்றார்.

ஆண்கள் வழி இப்படி ஒரு மாதிரி முடிந்தது. பூட்டி எந்த ஊர்ப் பெண் என்று வரி நோட்டில் இருக்காது, அதில் பெண்களே கிடையாது. மறுபடி மொய் நோட்டுக்குத்தான் வந்திருக்கிறேன். முதல் வரி எப்போதும் தாய்மாமன் மொய். தாத்தாவின் தாய்மாமன் என்றால் பூட்டியின் அண்ணனோ தம்பியோ, அவர் ஊர்தான் பூட்டி பிறந்த ஊர். தொகை தெளிவாக இருக்கிறது, இருபத்தொரு ரூபாய். பெயரும் இருக்கிறது. ஊர்ப் பெயரின் முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது, மிச்சம் '…னூர்'. சென்சஸ் கையேட்டில் முசிறி தாலுகாவை மறுபடி எடுத்து, அப்படி முடிகிற ஊர்களுக்குப் பென்சிலில் டிக் போட்டுக்கொண்டு வருகிறேன். இதுவரை ஒன்பது.